கைக்கேற்ற ஊசி

வடநாட்டுக் குளிரை நம் முன்னோர் அறிந்தவரல்லர். மார்கழிப் பனி என்று நம் ஊரில் வழங்கியது, விடியற்காலையில் கோலமிடும் விரல்களைச் சற்றே சிலிர்க்கச் செய்து, வெயில் ஏறியதும் விடைபெற்றுச் செல்லும் விருந்தாளி. தில்லியிலும் டேராடூனிலும் சிம்லாவிலும் குடியேறிய பின்னரே, வீட்டிற்குள் புகுந்து இரண்டு மாதம் தங்கிவிடும் குளிரும் உண்டு என்பதை நாம் அறிந்தோம். ஆகவே கம்பளிப் பின்னல் நம் பெண்மணிகளுள் பலருக்குப் பிறந்தகத்திலிருந்து வந்த கலை அன்று. அண்டை வீட்டாரிடம் பயின்ற கலை. குளிர்கால வெயிலில் கட்டிலைப் போட்டு அமர்ந்து, பேச்சும் பின்னலுமாகப் பொழுதைக் கழிக்கும் பஞ்சாபிப் பெண்மணிகளே நமக்கு ஆசிரியைகள். 'ஸீதா', 'உல்ட்டா' என்னும் இரண்டு சொற்களே முதற்பாடம். அவர்கள் 'சலாய்' என்று சொல்லும் பின்னலூசியும் அப்பாடத்தோடு நம் வீட்டிற்கு வந்து சேர்ந்தது.

கலையைப் பிறரிடமிருந்து பெறுவதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் ஊசியின் எண்ணையும் அவ்வாறே பெற்றுவிட இயலாது. அடுத்த வீட்டு அம்மையார் பத்தாம் எண் ஊசியில் பின்னிய ஸ்வெட்டர் அவர் மகனுக்குப் பாங்காக அமைந்திருக்கலாம். அதே கம்பளி நூல், அதே ஊசி, அதே கணக்கு ஆகியவற்றைக் கொண்டு நாம் பின்னியது நம் மகனுக்குப் பிடிப்பாகவோ தொளதொளவென்றோ அமையலாம். காரணம் வேறொன்றும் இல்லை. நூலை இழுத்துப் பிடிக்கும் இயல்பு கைக்குக் கை வேறுபடுகிறது. ஒரே மாவில் இருவர் சுட்ட முறுக்கு ஒன்றுபோல் இராததைப் போன்றதே இது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மார்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் உள்ள ஸ்வெட்டரைப் பின்ன எண்ணுகிறோம். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் என்பது குறிப்பில் கண்ட அளவு. எனவே சுற்றிலும் 198 கண்ணிகள் வேண்டும். நம் கை சற்று இறுக்கமானது, 10 சென்டிமீட்டரில் 24 கண்ணிகள் விழுகின்றன என்று கொள்வோம். அப்பொழுது அதே 198 கண்ணிகள் 82.5 சென்டிமீட்டரே வரும். ஏறக்குறைய மூன்று அங்குலம் குறைந்துவிட்டது. கை நெகிழ்வானதாய் 20 கண்ணிகளே விழுமானால், சுற்றளவு 99 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு கண்ணி வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் பல வார உழைப்பையும் விலை கொடுத்து வாங்கிய கம்பளியையும் வீணாக்கக் கூடியது. குளிர் நம் கணக்குத் திருந்தும் வரை காத்திருப்பதில்லை. பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு ஸ்வெட்டர் அந்த மாதத்திலேயே வேண்டும்.

இதற்குப் பரிகாரம் என்ன? பலர் கையை மாற்றிக்கொள்ள முயல்கின்றனர். இறுக்கமாகப் பின்னுபவர் வலிந்து நெகிழ்வாகவும், நெகிழ்வாகப் பின்னுபவர் வலிந்து இறுக்கமாகவும் பின்னத் தொடங்குகின்றனர். நாலு வரிசை செல்வதற்குள் கவனம் பேச்சில் திரும்பும். கையும் தன் பழைய இயல்புக்குத் திரும்பும். மாற்ற வேண்டியது கையை அன்று, ஊசியை. குறிப்பில் கண்டதற்கு மேல் கண்ணிகள் விழுந்தால் ஓர் அளவு பருத்த ஊசியையும், குறைவாக விழுந்தால் ஓர் அளவு மெல்லிய ஊசியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதனை முன்கூட்டியே அறிவதற்குப் பதினைந்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, சமதளத்தில் பரப்பி உலர்த்தி, அதன் நடுவே 10 சென்டிமீட்டரில் உள்ள கண்ணிகளை எண்ண வேண்டும். ஒரு மாலைப் பொழுது இதற்குப் போதும்.

இனி எண்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் நாட்டுக் கடைகளில் பழைய ஆங்கிலேய எண் வழக்கு இன்னும் மறையவில்லை. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். எட்டாம் எண் 4 மில்லிமீட்டர். பத்தாம் எண் 3.25 மில்லிமீட்டர், பதினான்காம் எண் 2 மில்லிமீட்டர். அமெரிக்க வழக்கோ இதற்கு நேர்மாறானது. அங்கே பத்தாம் எண் 6 மில்லிமீட்டர். அயல்நாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பின்னற் குறிப்பில் பத்தாம் எண் என்று கண்டு, உள்ளூர்ப் பத்தாம் எண்ணை எடுத்தால், வேண்டிய பருமனில் ஏறக்குறைய பாதியே கையில் இருக்கும். ஆகையால் எண்ணை விட்டு மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே நலம். எண் தேய்ந்துபோன பழைய ஊசிகள் வீட்டில் இருந்தால், பல அளவுத் துளைகள் கொண்ட அளவுத் தகடு ஒன்று வாங்கி, எந்தத் துளையில் ஊசி அடக்கமாக நுழைகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கத்திற்கு ஒரு பொது விதி உண்டு. நான்கிழைக் கம்பளிக்கு 3.25 மில்லிமீட்டர் ஊசியும், 'டபிள் நிட்டிங்' எனப்படும் சற்றுத் தடித்த நூலுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியும் பொருந்தும். இடுப்பிலும் மணிக்கட்டிலும் வரும் பட்டைகள் உடலைப் பற்றி நிற்க வேண்டியவை. அவற்றிற்கு இரண்டு அளவு மெல்லிய ஊசி ஏற்றது. இவை தொடங்குமிடமே, முடிவு கூறுவது மாதிரித் துண்டு.

பருமனுக்கு அடுத்தது ஊசி எதனால் ஆயது என்பது. அலுமினிய ஊசி இலேசானது, வழவழப்பானது. கண்ணிகள் தடையின்றி ஓடும். இறுக்கமான கைக்கும் சொரசொரப்பான கம்பளிக்கும் அது நல்ல துணை. ஆனால் உலோகம் கையின் வெப்பத்தை விரைவில் ஈர்த்துக்கொள்வதால், தை மாதக் காலையில் விரலைச் சில்லிட வைக்கும். மூங்கில் ஊசி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். கண்ணியைச் சற்றுப் பற்றியும் நிற்கும். கண்ணிகளை அடிக்கடி நழுவவிடும் புதியவர்க்கும், நெகிழ்வான கைக்கும், வழுக்கும் செயற்கை இழைக்கும் அதுவே தக்கது. மிகப் பருத்த ஊசிகள் உலோகமாயின் கனக்கும். அங்கே பிளாஸ்டிக் உதவும். கூரையும் கவனிக்க வேண்டும். மெல்லிய பூவேலைக்கு நுனி கூரியதாக இருக்கலாம். முறுக்குத் தளர்ந்த கம்பளிக்குக் கூர்நுனி ஆகாது, அது இழைகளைப் பிளந்துவிடும்.

நீளமும் வடிவமும் பின்னும் பொருளைப் பொறுத்தவை. கழுத்துத் துண்டுக்கும் ஸ்வெட்டரின் தனித்தனிப் பகுதிகளுக்கும் குமிழ் வைத்த நேரூசி போதும். காலுறைக்கும் கையுறைக்கும் நான்கோ ஐந்தோ சேர்ந்த இருமுனை ஊசிகள் வேண்டும். இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசியில், தையலே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னலாம். ஆனால் அதன் நீளம் பின்னும் பொருளின் சுற்றளவை விடக் குறைவாக இருக்க வேண்டும். குல்லாய்க்கு 40 சென்டிமீட்டரும், பெரியவர் ஸ்வெட்டருக்கு 60 அல்லது 80 சென்டிமீட்டரும் பொருந்தும். வட்ட ஊசியில் இன்னொரு நன்மையும் உண்டு. நேரூசியில் பின்னல் வளர வளர அதன் பாரம் முழுவதும் மணிக்கட்டில் தொங்கும். வட்ட ஊசியிலோ அது மடியில் இறங்கிவிடும். மூட்டு வலியுள்ள மூதாட்டியர் பின்னலைக் கைவிடுமுன் மூங்கிலாலான வட்ட ஊசியை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். இரயிலில் பின்னுபவர் முழங்கையும் அருகில் இருப்பவரை இடிக்காது.

ஊசி வடநாட்டுப் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுவதுண்டு. 1949-இல் பதிவுபெற்ற நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தன் தொழிற்சாலையை அமைத்தது நம் நீலகிரியில், கேத்தியில். வடநாட்டுக் கடைகளில் 'போனி' என்ற பெயர் தாங்கி வரும் ஊசிகள் அங்கே தோன்றியவை. கற்பித்தவர் பஞ்சாபியர், கருவி தந்தது நம் மலைநாடு. எஞ்சியிருப்பது நம் கை ஒன்றே. இவ்வாண்டுக் குளிருக்குக் கம்பளி வாங்கும்பொழுது முதல் உருண்டையில் ஒரு சிறு சதுரம் பின்னி, அக்கையின் இயல்பைக் கேட்டறிந்து, அதற்கேற்ற ஊசியை எடுப்போமாக.