எலிக்குக் கேட்ட மருந்து

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2010-ல் இங்கே சிவில் முடித்தவன் நான். கான்கிரீட் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். பேசப்போவது புற்றுநோய் மருந்து பற்றி. டாக்டர்கள் யாராவது இருந்தால், தப்பு வந்தால் டீ நேரத்தில் திருத்துங்கள்.

2016, சாரல் சமயம். தென்காசியில் என் அத்தைக்குப் பெருங்குடலில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் என்றதும் அத்தைக்குப் பயம். அந்த வாரம் பார்த்து ஒரு பத்திரிகைத் துணுக்கு கையில் கிடைத்தது. ஏதோ மூலிகைச் சாறு கொடுத்து எலிகளுக்குக் கட்டி கரைந்ததாம். குற்றாலத்தில் ஒரு கடையில் அதே மூலிகைப் பொடி இருந்தது. வாங்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

"மருமவனே, எலிக்குக் கேட்டுச்சுன்னா நமக்குக் கேக்காதா?" என்றாள் அத்தை. கேட்கும் என்றேன். இன்ஜினீயர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வீட்டிலும் நம்பிவிட்டார்கள். மூன்று மாதம் போயிற்று.

பிறகு திருவனந்தபுரம், ஆபரேஷன், கீமோ. நோய் திரும்பி வந்தபோது ஏற்றிய மருந்தின் பெயர் இரினோடெக்கான். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குப் படிப்பதைத் தவிர என்ன வேலை? படித்தேன்.

இந்த மருந்தின் தாய்ப்பொருள் கேம்ப்டோதெசின். 1966-ல் அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இருவர் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்ததாக அறிவித்தார்கள். வாணி நம் நாட்டிலிருந்து போனவர். 1972-ல் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் இருப்பதாக டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் எழுதினார்கள். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். மரத்துக்கு அன்றைய தாவரப் பெயர் மாப்பியா ஃபீடிடா. ஃபீடிடா என்றால் நாற்றமடிப்பது! பிற்காலத்தில் மருந்துக்காக வெட்டி வெட்டி அந்த மரமே அருகிப்போனது தனிக் கதை.

ரத்தப் புற்று வைத்த சுண்டெலிகளுக்குக் கேம்ப்டோதெசின் நன்றாகக் கேட்டது. 1970-களின் தொடக்கத்தில் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு வந்ததுதான் மிச்சம். கைவிட்டார்கள்.

ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. அந்த மூலக்கூறில் ஒரு வளையம் உண்டு. அது மூடியிருந்தால்தான் மருந்து வேலை செய்யும். தண்ணீரில் கரையாத பொருள் என்பதால், வளையத்தைத் திறந்து சோடியம் உப்பாக்கி ஏற்றியிருந்தார்கள். நம் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதமோ, திறந்த வளையத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. மறுபடி மூட விடுவதில்லை. மூடிய மருந்தையே கொடுத்தாலும் சில மணி நேரத்தில் மிகக் கொஞ்சமே மூடியபடி மிஞ்சும். எலியின் ஆல்புமினுக்கு அந்தப் பிடி கிடையாது. எலி ரத்தத்தில் மருந்தின் நல்ல பங்கு மருந்தாகவே ஓடுகிறது.

நம் சிவில்காரர்களுக்கு உடனே புரியும். 28 நாள் தண்ணீரில் ஊறிய கியூப், லேபில் பாஸ். சைட்டில் சரியாக க்யூரிங் செய்யாத ஸ்லாப் விரிசல். கியூப் பொய் சொல்லவில்லையே!

1985-ல் இந்த மருந்து எந்த நொதியைத் தாக்குகிறது என்று தெரிந்தது. கைவிட்ட பொருளுக்கு மறுபடி உயிர் வந்தது. அதைத் திருத்தி அமைத்த இரினோடெக்கானை ஜப்பானில் உருவாக்கியது யாகுல்ட் நிறுவனம். ஆமாம், அந்தச் சின்ன பாட்டில் பால்காரர்களேதான். இதிலும் எலி நம்மைவிடக் கொடுத்து வைத்தது. இரினோடெக்கானை வீரியமுள்ள வடிவுக்கு மாற்றும் நொதி எலி ரத்தத்தில் ஏராளம். நம் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்.

எலியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் ஊர்ச் சுடுகாட்டு மல்லி, அதாவது நித்தியகல்யாணி இருக்கிறதே, 1950-களில் கனடாவில் நோபிள், பீர் இருவரும் அதன் சாற்றைச் சர்க்கரை நோய்க்காக எலிக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணு இறங்கியது. அந்த வழியில் வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடி தந்த வின்கிறிஸ்டின் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு இன்றும் போகிறது. எலி இல்லாமல் அது இல்லை.

ஆனால் எலியோடு நிற்காமல் வேறு வழியும் தேடுகிறார்கள். பெங்களூரு மித்ரா பயோடெக் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் கட்டியிலிருந்தே மெல்லிய துண்டுகளை எடுத்து, அவருடைய ரத்த நீரையே சேர்த்து லேபில் உயிரோடு வைத்து, மருந்தைச் சோதித்தார்கள். அவரவர் ரத்த நீர் என்ற இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த ஆல்புமின்தான் ஞாபகம் வந்தது. 2023-ல் நம் அரசின் புதிய மருந்து விதிகளும், விலங்குச் சோதனைக்குப் பதிலாக மனித செல்களை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு இடம் கொடுத்தன. பயோடெக் தம்பி தங்கைகளே, வேலை நிறைய இருக்கிறது. சிவிலுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

அத்தை 2019-ல் காலமானாள். மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருந்து ஏறும்போது ஒருநாள் இந்த மரக் கதையை அவளுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை அன்னிக்கே படிச்சிருக்கக் கூடாதாலே?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கும்போது ஒருத்தர் செல்போனை நீட்டினார். புற்றுநோய்க்குப் புது மருந்து, கட்டி முழுக்கக் கரைந்ததாம். "யாருக்கு அண்ணாச்சி கரைஞ்சுது?" என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.