வரைபடத்தில் விட்டுப்போன வாய்க்கால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுப்பா, அட்வைஸ் மட்டும் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சின்னசேலம். சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் சாலையின் இருபுறமும் மக்காச்சோளமும் மரவள்ளியும்தான். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, சோளத்தட்டை நின்ற இடத்தில் கலர் கொடியும் மனைக்கல்லும் நிற்கின்றன. ஊர் வளரட்டும், நல்லதுதான். எப்படி வளர்கிறது என்பதுதான் கேள்வி.

என் அப்பா 1990-களில் ஒரு மனை வாங்கினார். அங்கீகாரம் இல்லாத லே-அவுட். நோட்டீஸில் பச்சை மையில் ஒரு பூங்கா போட்டிருந்தார்கள். நான் ஹைஸ்கூல் போவதற்குள் அந்தப் பூங்கா நாலு மனையாகி விற்றுப்போய்விட்டது. மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். சாக்கடைக்கு இடமே விடவில்லையே, தண்ணீர் எங்கே போகும்?

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அந்த மனையை விற்றுத்தான் செலவு என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். பத்திர ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, வட்டிக்கு வாங்கினார். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது, பணம் கட்டி ஆர்டர் வாங்கினோம். பேப்பர் கிடைத்தது. பூங்கா கிடைக்கவில்லை, சாக்கடையும் கிடைக்கவில்லை. முதலிலேயே வரைந்திருக்க வேண்டியதைப் பிறகு எந்த ஆர்டரும் கொண்டுவராது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்தான் நான். அப்படியிருந்தும் என்ன செய்தேன்?

சொந்தமாக ஆபீஸ் போட்ட புதிது. ஊருக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கருக்கு லே-அவுட் போடச் சொல்லி ஒருவர் வந்தார். நிலத்தின் நடுவே ஒரு வாய்க்கால் புறம்போக்கு. தூர்ந்துபோய்க் கரம்பாகக் கிடந்தது. "பத்து வருஷமா சொட்டுத் தண்ணி வரலீங்க சார். அதைக் காட்டினா ஆறு மனை போயிடும்" என்றார். வாடகை கட்ட வேண்டிய மாதம் அது. காட்டாமல் வரைந்தேன். பொய்யாக ஒரு கோடும் போடவில்லை, போட வேண்டிய ஒரு கோட்டைப் போடவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி என் வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை. வருவாய்த் துறைப் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டு, "இது என்னங்கய்யா பள்ளம்?" என்று கேட்டார்.

"ஏரிக்குத் தண்ணி போற வாய்க்காலுங்க. சும்மா நாள்ல தெரியாது, பெருமழைக்குத்தான் தெரியும்."

அதிகாரி என்னைத் திட்டவில்லை. "நீங்க இந்த ஊர்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

ஃபைல் திரும்பி வந்தது. வாய்க்காலை அதன் முழு அகலத்துக்கு விட்டு, பக்கத்தில் சாலையை அமைத்து மறுபடி வரைந்தேன். ஆறு மனை போனது. அவரும் என்னிடம் மறுபடி வேலை தரவில்லை.

தம்பிகளே, இந்த ஆய்வு என்பது என்ன? நகர் ஊரமைப்பு அலுவலகம் தொழில்நுட்ப அனுமதி தரும். சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே இறுதி ஒப்புதல். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். ஐந்து ஏக்கரில் சாலைக்கு ஒன்றேகால் ஏக்கர் போனால், மீதியில் 10 சதவீதம் முப்பத்தேழரை சென்ட். முப்பதுக்கு நாற்பது மனையாக வெட்டினால் பதின்மூன்று மனை! விற்பவருக்கு ஏன் கை அரிக்கிறது என்று புரிகிறதல்லவா?

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். பூங்கா பூங்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம்கூட எடுபடவில்லை. ஆனால் அவர்கள் வழக்குப் போட முடிந்ததே, வரைபடத்தில் பூங்கா என்று இருந்ததால்தான். என் அப்பா எதைக் காட்டி வழக்குப் போடுவார்? அந்தப் பச்சை மை நோட்டீஸையா?

லே-அவுட் ஆய்வின்போது மேஜையைச் சுற்றி விற்பவர் இருக்கிறார், அதிகாரி இருக்கிறார், இன்ஜினியர் இருக்கிறார். அங்கே வீடு கட்டிக் குடியிருக்கப் போகிறவர் மட்டும் இல்லை. அவர் இன்னும் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்காகப் பேச அந்த மேஜையில் யாராவது இருக்க வேண்டும். சம்பளம் கொடுப்பவர் வேறு ஒருவராக இருந்தாலும், அந்த ஆள் நாம்தான்.

ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் புலப்படத்தோடு நிலத்தில் ஒருமுறை நடங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்வைஸ் வேண்டாம் என்றார்கள், கடைசியில் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்!