வெங்காய மூட்டையைக் காட்டுங்க!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இடைசெவல் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே!

1923-ல கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமின்னு ரெண்டு பெரிய எழுத்தாளர்களைப் பெத்துக் கொடுத்த ஊரு இது. இங்கே வாயைத் திறக்கவே பயமா இருக்கு. நல்லவேளை, தலைப்பு சாப்பாட்டைப் பத்தி, திறந்துதான் ஆகணும்! (சிரிப்பு)

நல்ல சமையல்காரரை உருவாக்குவது தொலைக்காட்சிப் போட்டியா, அடுப்படி அனுபவமா? நான் அடுப்படிக் கட்சி.

எதிரணிச் சகோதரி 'குக் வித் கோமாளி'யைப் பிரமாதமாச் சொன்னாக. 2019-ல ஆரம்பிச்சது. நானும் குடும்பத்தோட பார்த்துச் சிரிச்சவன்தான். ஆனா ஜெயிச்சது யாரு? முதல் பட்டம் நடிகை வனிதா விஜயகுமார். 2023-ல நடிகர் மைம் கோபி. 2024-ல தொகுப்பாளர் பிரியங்கா தேஷ்பாண்டே. நல்லாத்தான் சமைச்சாக, மறுக்கல. ஆனா ஏற்கெனவே பேர் வாங்கினவங்களுக்கு அது இன்னொரு பேர். சமையலே பிழைப்புன்னு இருக்கிறவனுக்கு அதுல என்ன கிடைச்சுது?

2021-ல விஜய் சேதுபதி நடத்தின 'மாஸ்டர் செஃப்' வீட்டுல சமைக்கிறவுகளை மேடையேத்துச்சு. அது நல்ல காரியம், ஒத்துக்கிடுதேன்.

இப்ப மார்க்கு போடுற நாற்காலியில உட்கார்ந்த செஃப் தாமுவைப் பாருங்க. 2010-ல 24 மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து சமைச்சு கின்னஸ் சாதனை பண்ணினவர். அது ஒரே நாள்ல நின்னு பழகின காலா, ஐயா? (கைதட்டல்)

அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துல கோவில்பட்டி. 2020-ல கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. வெல்லப் பாகு கொதிக்கும். ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, விரலால எடுத்து ஒடிச்சுப் பார்ப்பாக. இளகினா மிட்டாய் பல்லுல ஒட்டும். முத்தினா கசக்கும். பதம் வந்ததும் வறுத்த கடலையைக் கொட்டிக் கிண்டி, சூடு ஆறுறதுக்குள்ள பரப்பி, வெட்டியாகணும். அந்த விரலுக்கு எந்த டிவி மார்க்கு போட்டுச்சு? கம்பை உரல்ல குத்திப் புடைச்சுச் சோறாக்கின நம்ம அப்பத்தா உள்ளங்கையில காப்புக் காய்ச்சிருக்குமே, அதுதான் அவளுக்குக் கிடைச்ச மெடல்.

நம்ம ஊர்ப் பையன் டிவி பார்த்துட்டு கேட்டரிங் சேர்றான். ஓட்டல்ல முதல் வேலைக்கு 'கமி'னு பேரு. வெள்ளைக் கோட்டு மாட்டிக் குழம்பை ருசி பார்க்கப் போனவன் கையில வெங்காய மூட்டை! (சிரிப்பு) சிரிக்காதீக. டிவியில ஒரு மணி நேரம், ஒரு தட்டு. அங்கே முந்நூறு பேருக்குச் சாம்பார். நேத்து இருந்த ருசி இன்னைக்கும் இருக்கணும். தீபாவளிக்கு ஊரே வீடு திரும்பும். இவனுக்கு அன்னைக்குத்தான் வேலை ஜாஸ்தி. ஆறு மாசத்துல, 'அம்மா, எனக்கு இது சரிப்படாது'ன்னு ஃபோன். இங்கே அந்தத் தாய் கம்மலை அடகு வச்சுல்ல ஃபீஸ் கட்டியிருக்கா!

முதல்லயே யாராவது அந்த மூட்டையைக் காட்டியிருந்தா, ஒண்ணு அவன் போயிருக்க மாட்டான். இல்ல, பல்லைக் கடிச்சு நின்னிருப்பான்.

நடுவர் மணியில கை வைக்கிறாக. பாகு முத்துறதுக்கு முந்தி இறக்கிடுதேன்.