ஒரு லைன், மூன்று பங்கு
(மாதாந்திரக் கல்வி உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். படிப்பகத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பக்கம் திறக்கவில்லை. அலுவலகம், படிப்பகம், வருவோர் போவோருக்கான வைஃபை மூன்றும் ஒரே ரவுட்டரில் இருந்தால், யாரோ ஒருவர் படம் பார்ப்பதே இதற்குப் போதும். தலைமடைக்காரர் முழுதும் திறந்தால் கடைமடை காயத்தானே செய்யும்?

நம் ஊர் ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். 2021-இல் ஸ்பைசஸ் போர்டு போடி, புற்றடி இரண்டு மையங்களையும் இணையம் வழியே இணைக்கும் ஏலத்தைத் தொடங்கியது. வியாபாரி கேட்கும் விலை சில எழுத்துகள்தான். ஆனால் ஒரு நொடி பிந்தினால் சரக்கு அடுத்தவர் கைக்குப் போய்விடும். விண்ணப்பமும், சவூதியிலிருந்து மகன் பேசும் அழைப்பும் அப்படித்தான். குரல் அழைப்புக்கு 0.1 எம்.பி.பி.எஸ். வேகமே போதும், தெளிவான வீடியோவுக்கு 5 வேண்டும். சின்னது பெரியதன் பின்னால் சிக்கிக்கொள்வதுதான் நோய்.

மருந்து ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், மூன்றையும் தனித்தனி வலையமைப்பாகப் பிரியுங்கள். அலுவலகக் கணக்கும் வெளியார் கண்ணில் படாது.

இரண்டாவது, லைன் 100 எம்.பி.பி.எஸ். என்றால் ரவுட்டரில் மொத்த அளவை 95 என்று வையுங்கள். அப்போதுதான் நெரிசல் கம்பெனியின் கருவியில் சேராமல் நம் ரவுட்டரில் சேரும்; எதை முதலில் விடுவது என்பதும் நம் கையில் இருக்கும்.

மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் உறுதிப் பங்கு வையுங்கள். உதாரணமாகப் படிப்பகத்துக்கு 50, அலுவலகத்துக்கு 25, பொது வைஃபைக்கு 20. ஒருவர் பயன்படுத்தாத பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். உரியவர் வந்ததும் விட்டுவிட வேண்டும். வெறுமனே மூன்றாக வெட்டிவிட்டால், படிப்பகம் பூட்டிக் கிடக்கும் இரவில் அதன் பங்கு வீண்.

நான்காவது, ஒரு பங்குக்குள்ளும் ஒரே போன் எல்லாவற்றையும் இழுக்காமல், கருவிகளுக்குச் சமமாகப் பிரிக்கும் வசதியை இயக்குங்கள்.

அப்லோடை மறக்காதீர்கள். கல்யாண வீடியோ ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் அனுப்பும் கோரிக்கைகளும் அதன் பின்னால் நிற்கும். லைன் காலியாக இருந்தும் பக்கம் திறக்காது. அதற்கும் தனி அளவு, தனிப் பங்கு வேண்டும்.

கருவி பங்கு போடும். யாருக்கு எவ்வளவு என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கூட்டத்தில் பேசி, அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். விண்ணப்ப மாதங்களில் படிப்பகத்தின் பங்கை உயர்த்துங்கள். பிறகும் போதாவிட்டால் பெரிய பிளானுக்குப் பணம் கட்டலாம். பொதுப்பணம் அமானிதம், அதில் வாங்கிய லைனும் அமானிதமே.