அட்ரஸ் - ஒரு சொல், சில பொருள்கள்

(பழைய மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'அட்ரஸ்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த என் வீட்டம்மா, "பேரைப் போட்டுட்டு அட்ரஸ் போட மறந்துட்டாங்களே" என்றாள். "அது நான் பேசப் போறதும்மா" என்றேன். "பேசறதுக்கும் அட்ரஸ், வீட்டுக்கும் அட்ரஸா? இங்கிலீஷ்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா?" என்று கேட்டுவிட்டாள். முப்பத்து மூன்று வருஷம் ஆங்கிலம் நடத்தியவனுக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அட்ரஸ் என்றால் சொற்பொழிவு. 1863 நவம்பர் 19-ல் கெட்டிஸ்பர்க்கில் ஆபிரகாம் லிங்கன் பேசியது அப்படிப்பட்ட அட்ரஸ்தான். சுமார் 270 வார்த்தை. மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். என்னுடையது அதைவிட நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் சட்டமன்றத்தில் ஆளுநர் உரையும் ஆங்கிலத்தில் அட்ரஸ்தான். ஜேன் ஆஸ்டின் நாவல்களில் இதே சொல் பன்மையில் வந்தால், ஓர் ஆண்மகன் ஒரு பெண்ணிடம் தன் விருப்பத்தைத் தெரிவித்துப் பின்னால் சுற்றுவது என்று பொருள்! ஒருவரை 'ஐயா' என்பதா 'அண்ணே' என்பதா என்ற விளிக்கும் முறைக்கும் இதே சொல்தான். கம்ப்யூட்டரில் நினைவகத்தின் ஒவ்வொரு அறைக்கும் ஓர் அட்ரஸ் உண்டு.

இத்தனைக்கும் வேர் ஒன்று. பழைய பிரெஞ்சில் ஒன்றை நேராக்குவது, ஒரு திசை பார்த்துத் திருப்புவது என்பதுதான் இதன் பொருள். பேச்சை ஒருவர் பக்கம் திருப்பினால் உரை. கடிதத்தை ஒருவர் பக்கம் திருப்பினால் முகவரி. ஆக, என் வீட்டம்மா கேட்டது நியாயமான கேள்வி; பஞ்சம் இல்லை, இரண்டும் ஒரே காரியம்.

நாம் இந்தச் சொல்லை வாங்கி நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டோம். "அட்ரஸ் இல்லாம ஆக்கிடுவேன்" என்று மிரட்டுகிறோமே, அந்தப் பொருள் எந்த ஆக்ஸ்போர்டு அகராதியிலும் கிடையாது. தமிழில் 'முகவரி' என்றும் சொல்கிறோம், 'விலாசம்' என்றும் சொல்கிறோம். விலாசம் வடமொழிச் சொல். அங்கே அதற்கு விளையாட்டு, ஒய்யாரம் என்று பொருள். தமிழில் நாடகத்துக்கும் அந்தப் பெயர் இருந்தது. 'டம்பாச்சாரி விலாசம்' கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே சொல்லுக்குச் செட்டிநாட்டில் இன்னொரு பொருள் உண்டு என்பதை நான் ஆத்தங்குடியில் கற்றுக்கொண்டேன். மானாமதுரைக்காரனான எனக்கு அதற்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

1968-ல் நான் விடுதியில் சேர்ந்தபோது என் அறை நண்பர் ஆத்தங்குடிச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. அவருடைய தேக்குமரப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் ஐந்து எழுத்துகள் வரிசையாக இருக்கும். அவர் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெட்டி. "என்ன செட்டியாரே, கெமிஸ்ட்ரி ஃபார்முலாவா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரித்துக்கொள்வார், விளக்கம் சொல்ல மாட்டார். மூன்று வருஷம் தினமும் பார்த்ததால் அந்த எழுத்துகள் எனக்கு மனப்பாடம்.

படிப்பு முடிந்து கொஞ்ச காலம் கடிதப் போக்குவரத்து இருந்தது. பிறகு நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பின் பழைய விலாசத்துக்கு எழுதினேன். அப்படி யாரும் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. மனசு கேட்கவில்லை. ஒருநாள் பஸ் ஏறி ஆத்தங்குடிக்கே போய்விட்டேன்.

இன்று 'ஆத்தங்குடி' என்றால் கட்டட வேலைக்காரர்கள் ஊரை நினைப்பதில்லை, பூக்கல்லைத்தான் நினைக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்டை வார்த்து, கையாலேயே செய்யும் தரைக்கல். ஓர் ஊரின் விலாசமே பொருளின் பெயராகிவிட்டது! அந்த ஊரில் நான் நண்பர் பெயரைச் சொல்லிக் கேட்டேன், தெருவைச் சொல்லிக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எந்தத் தெரு என்று சொல்வது?

ஒரு திண்ணையில் வயதான ஆச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஐயா பேரைத்தான் பேரனுக்கு வைப்பாக. ஊருக்குள்ள அந்தப் பேரு பத்துப் பேருக்கு இருக்கும். விலாசம் என்ன, அதைச் சொல்லுங்க" என்றார். நான் கதவு எண்ணைச் சொன்னேன். "அது இல்லீங்க. விலாசம், விலாசம்" என்றார். சட்டென்று பெட்டி ஞாபகம் வந்தது. ஐந்து எழுத்துகளையும் ஒப்பித்தேன். ஆச்சி முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவுக வீடா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டன், அப்பச்சி, பிள்ளை என்று தலைமுறைப் பெயர்களின் முன்னெழுத்துகளைக் கோத்தது விலாசம். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் அதுவே கடையின் பெயர், அதுவே நாணயம். வள்ளல் அழகப்பருக்கு முன்னால் நிற்கும் 'ராம.' அவர் தந்தை ராமநாதன். குழந்தைக் கவிஞர் வள்ளியப்பாவின் 'அழ.' அவர் தந்தை அழகப்பன். ஓர் எழுத்து போதாதென்று இரண்டு எழுத்தாக வைத்துக்கொண்டவர்கள். மற்றவர்களுக்கு விலாசம் இருக்கும் இடத்தைச் சொல்லும். இவர்களுக்கு வந்த வழியைச் சொல்லியது.

1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது பலர் உயிர் தப்பினால் போதும் என்று ஓடிவந்தார்கள். 1948-ல் அங்கே நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. 1962-க்குப் பின் ராணுவ ஆட்சியில் வங்கிகளும் வியாபாரமும் போயின. கடை போயிற்று, நிலம் போயிற்று, மிஞ்சியது எழுத்துகள்தான்.

ஆச்சி கைகாட்டிய இடத்தில் வீடு இல்லை, காலி மனைதான் இருந்தது. பங்காளிகள் கூடி விற்றுவிட்டார்கள். தூணும் கதவும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. ஆனால் ஆச்சி விடவில்லை. போன் போட்டு, ஒருவரை விட்டு ஒருவரைப் பிடித்து, அரைமணி நேரத்தில் என் நண்பர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரமே போனேன். "ஏன் செட்டியாரே ஒரு கடுதாசிகூடப் போடலை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வீட்டை வித்த பிறகு, எந்த விலாசத்தைப் போட்டு எழுதறதுன்னு கூச்சமா இருந்துச்சு வாத்தியாரே" என்றார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். முழங்கால் வலியால் இன்று வர முடியவில்லை.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் இந்தக் கூச்சத்தால் கடிதம் எழுதாமல் இருக்கிறோம்? சங்கத்தின் பழைய முகவரிப் பட்டியலைப் புரட்டினேன். சொந்த வீட்டு விலாசம் போட்டிருந்தவர்கள் இப்போது 'மே/பா மகன்', 'மே/பா மகள்' என்று இருக்கிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. நம்மை நோக்கி ஒருவர் திரும்புவதற்கு ஒரு திசை வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் படிவம் வைத்திருக்கிறார்கள். செல்போன் நம்பரோடு நிறுத்திவிடாதீர்கள். அது மாறும். அப்பா பெயர், ஊர், இப்போது இருக்கிற இடம் மூன்றையும் எழுதுங்கள். யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். என் நண்பர் தன் படிவத்தை என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். முதல் வரியில் அந்த ஐந்து எழுத்துகள். அடுத்த வரியில் 'மே/பா மகள், கோயம்புத்தூர்'.