சடைக்குள் இருக்கும் நாய்



இலக்கிய நிகழ்ச்சியில் நாய்க்கு மயிர் வாரும் கதையா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாய் நமது இலக்கியத்துக்குப் புதிய விருந்தாளி அல்ல. நட்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நாலடியார் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, எறிந்தவனுடைய வேல் உடம்பிலே தைத்து நிற்கும்போதும் அவனைக் கண்டு வாலை ஆட்டும். நன்றிக்கு உதாரணமாகவே இதை நாம் படித்தும் படிப்பித்தும் வந்திருக்கிறோம். நாய் வளர்ப்பவருக்கோ இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வேல் தைத்த நிலையிலும் வாலை ஆட்டுகிற ஒரு பிராணி, தன்னுடைய நோவைத் தானாக வந்து சொல்லப்போவதில்லை. நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நீண்ட மயிருள்ள நாயிலே அந்தத் தேடல் இன்னும் கடினமானது. அதன் அழகே அதன் நோவை மூடி மறைத்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இவற்றைச் சடைநாய் என்போம். ஊரிலே அதிகம் காண்பது பொமரேனியனும் அதன் கலப்புகளும். போல்டிக் கடற்கரையிலுள்ள பொமரேனியா என்னும் பிரதேசத்தின் பெயர் அது. 1888இல் விக்டோரியா மகாராணி புளோரன்ஸ் நகரிலிருந்து ஒரு பொமரேனியனைக் கொண்டுபோய் வளர்த்த பின்னரே அந்த இனத்தின் புகழ் உலகெங்கும் பரவியது. குளிர்நாட்டுக்காக இயற்கை தைத்துக் கொடுத்த சட்டை இரண்டு அடுக்குக் கொண்டது. மேலே நீண்ட, சற்று முரடான மயிர். அடியிலே பஞ்சு போன்ற குறுமயிர். உதிர்கின்ற குறுமயிர் நிலத்தில் விழாமல் மேல்மயிருக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அதுவே சிக்காகி, சிக்கு இறுகிச் சடையாகிறது. வேலியோரத்து நாயுருவியின் காய்களும் வந்து ஒட்டிக்கொண்டால் சடை இன்னும் விரைவாக இறுகும். அந்தச் செடியின் பெயரிலேயே நாய் இருப்பதைக் கவனியுங்கள்.

சடை இறுகினால் என்ன நேரும் என்பதை நான் 1996இல் கண்டேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்துச் சனங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனதை நீங்கள் அறிவீர்கள். மனிதர்க்கே இடமில்லாத அந்த இரவில் நாய்கள் படலையடியில் நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு சித்திரை, வைகாசியில் சனங்கள் திரும்பி வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. பழைய கம்பளித் துண்டென்றே நினைத்தேன். அது எழுந்து வாலை ஆட்டியது. மயிர் முழுவதும் ஒரே பாளமாக இறுகி, நடக்கும்போது தோலையே இழுத்தது. அயலார் சிலர், உது தப்பாது என்றார்கள். அந்த வீட்டு ஆச்சி மட்டும் கத்திரிக்கோலை என் கையில் தந்து, "வெட்டிப் பார் மோனை, உள்ளுக்கை எங்கடை நாய்தான் இருக்குது" என்றார்.

இரண்டு நாள் சென்றது. கக்கத்தில் தோல் வெந்து சிவந்திருந்தது. ஒரு காதின் பின்னே புண்ணில் புழு நெளிந்தது. கழுத்துப்பட்டி சடைக்குள் புதைந்து தசையை அறுத்திருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அது வாலை ஆட்டியது. ஆச்சி சொன்னபடியே, உள்ளே அவர்களுடைய நாய்தான் இருந்தது. பிறகும் நான்கு ஆண்டுகள் அந்த முற்றத்தில் வாழ்ந்தது.

போர்க்காலத்தில் நேர்ந்த அந்த நிலை, அமைதியான வீட்டிலும் சிறிய அளவில் நேரும். அதைத் தவிர்க்கக் கிழமைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம் செலவிட்டால் போதும். வேண்டியவை இரண்டு. வளைந்த மெல்லிய கம்பி முட்களுள்ள ஒரு தூரிகை. அகலப் பல்லுள்ள ஓர் உலோகச் சீப்பு. நமது குடாநாடு பனந்தும்பை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்த இடம். ஆனால் அந்தத் தும்புத் தூரிகை நிலம் கூட்டுவதற்கு உகந்தது. நாயின் தோலுக்கு முரடு.

வாரும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். மேலாக வாரினால் மேல்மயிர் பளபளக்கும். அடியிலே சடை அப்படியே கிடக்கும். இடக்கையால் மயிரை மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். அந்த வகிட்டுக்குக் கீழேயுள்ள மயிரை வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். பிறகு ஒரு விரலளவு மேலே அடுத்த வகிடு. ஏட்டுச்சுவடியை ஒவ்வோர் ஏடாகப் புரட்டிப் படிப்பதுபோல, காலிலிருந்து முதுகு நோக்கிப் படித்துக்கொண்டு போகவேண்டும். காதின் பின்புறம், கக்கம், தொடையின் பின்பக்கம், வாலின் அடி, கழுத்துப்பட்டியின் கீழ் ஆகிய இடங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சீப்பு வேரிலிருந்து தடையின்றி ஓடினால் அந்த இடம் முடிந்தது.

சிக்கு அகப்பட்டால் இழுக்கக் கூடாது. அடிமயிரை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுவை தோலுக்குப் போகாது. ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி, நுனியிலிருந்து விரலாலும் சீப்பின் முனையாலும் பிரியுங்கள். தோலோடு ஒட்டிய சடையைக் கத்திரிக்கோலால் வெட்டுவது ஆபத்து. தோலும் சேர்ந்து வரும். அத்தகைய சடையை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுவதே நல்லது. ஆச்சிக்கும் எனக்கும் அன்று அந்த வசதி இருக்கவில்லை.

முழுக வார்ப்பதற்கு முன்னரே வாரிவிடுங்கள். தண்ணீர் பட்டால் சிக்கு இன்னும் இறுகும். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் ஊர் நமது ஊர். கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். சவர்க்காரம் எளிதில் நுரைக்காது, அதன் கசடு மயிரில் படிந்துவிடும். ஆகவே நாய்க்கென்றே உள்ள ஷாம்பூவை அளவாகப் பாவித்து, நன்றாக அலசி, அடிமயிர் காயும்வரை துவட்டுங்கள். மாரிகாலத்தில் ஈரம் அடியில் தங்கினால் புண் வரும்.

வகிடு எடுக்கும்போது உண்ணியும் தெள்ளும் கண்ணில் படும். மண்ணெண்ணெய் பூசுவோர் உண்டு. அது தோலை எரிக்கும், நக்கினால் நஞ்சு. உண்ணியைச் சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள், நகத்தால் நசுக்காதீர்கள். நாய்க்கு உயிராபத்தான காய்ச்சலைத் தருகிற உண்ணிகளும் உண்டு. தெள்ளுக்கு நமது பழைய பேன்சீப்பே நல்ல ஆயுதம். அதில் வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்மண் நிறமாகக் கரைந்தால் அது நாயின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் எச்சம்.

வெயில் காலம் வந்தால், பாவம் என்று மொட்டையடிப்போரும் இருக்கிறார்கள். ஒரு மயிர் போனாலும் உயிர் தரியாத கவரிமாவை வள்ளுவர் மானத்துக்கு உவமை சொன்னார். பொமரேனியனுக்கு அந்த மானக் கவலை இல்லை. ஆனால் அதன் மயிர் வெயிலுக்கும் ஒரு கூரை. நாய் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே சூட்டை ஆற்றுகிறது. மயிரை ஒட்ட வழித்தால் தோல் வெயிலில் வேகும். மயிர் பழையபடி வளராமலும் போகலாம். உதிர்ந்த குறுமயிரை வாரி எடுத்துவிட்டாலே காற்று உள்ளே போகும். நிழலும் தண்ணீரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

குட்டியாக இருக்கும்போதே, நாளுக்கு இரண்டு நிமிடம் மடியில் வைத்துப் பழக்குங்கள். பிறகு சீப்பைக் கண்டால் அதுவாகவே வந்து படுக்கும். அப்போது உங்கள் கண் வானொலியில் இருந்தாலும் விரல்கள் தோலில் இருக்கட்டும். புதிதாக ஒரு கட்டி, ஒரு காயம், தொட்டதும் சுருங்கும் ஓர் இடம் எதுவானாலும் முதலில் அறிவது அந்த விரல்கள்தான். நாய் அதைச் சொல்லாது. நீங்கள் தொடுகிற நேரமெல்லாம் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும்.