இனக் கிடாவுக்கு நியாயமான விலை எது?

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவில் ஆடு வளர்ப்போர் இருக்கிறோம். ஆட்டு வியாபாரம் செய்வோரும் தோல் மண்டியோடு தொடர்புடையோரும் இருக்கிறோம். குர்பானிக்காக ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆட்டுச் சந்தைக்குச் செல்லாத வீடுகள் குறைவு. ஆகவே ஆட்டின் விலையைப் பற்றிப் பேசுவது, நம் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசுவதே ஆகும். அதிலும் அறுப்புக்கு விற்கும் ஆட்டை விடுத்து, இனவிருத்திக்கு விற்கும் பொலிகிடாவுக்கு விலை குறிப்பது எப்படி என்பதையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

நாம் வளர்ப்பது மேச்சேரி இனம். சேலம் மாவட்டத்தின் மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர், ஓமலூர் வட்டாரங்களும், அவற்றையொட்டிய தருமபுரி, ஈரோடு மாவட்டப் பகுதிகளும் இதன் தாயகம். வெளிர் பழுப்பு நிறம், கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பில்லாத தலை, குட்டையான மெல்லிய வால் ஆகியவை இதன் அடையாளங்கள். இது கம்பளிக்காக வளர்க்கப்படுவதன்று, இறைச்சிக்காக வளர்க்கப்படுவது. இதன் தோலுக்கும் தோல் பதனிடுவோரிடம் தனி மதிப்பு உண்டு. இந்த இனத்தைப் பேணுவதற்கென்றே 1978ஆம் ஆண்டில் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இவ்வளவு சிறப்பிருந்தும், நல்ல கிடாவுக்கு என்ன விலை என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரிவதில்லை.

எங்கள் பட்டியில் நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளுள் ஒன்று மற்றவற்றைக் காட்டிலும் வெகு வேகமாக வளர்ந்தது. அண்டை ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைப் பொலிகிடாவாக வைத்துக்கொள்ள விரும்பி வந்தார். கறி விலைக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கூட்டிக் கேட்கவோ காரணம் காட்ட இயலவில்லை. அதன் பிறந்த நாளோ, எடையோ, தாய் தந்தை விவரமோ எதையும் நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை. பெரியவர் வெறுங்கையுடன் திரும்பினார். அந்தக் கிடா பக்ரீத் சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று, நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பட்டியில் எஞ்சி நின்ற கிடாவுக்கு மறு ஆண்டு பிறந்த குட்டிகள் யாவும் சிறுத்திருந்தன. அப்போதுதான் எங்கள் தவறு விளங்கிற்று.

இது எங்கள் பட்டியோடு நிற்கும் குறையன்று. வேகமாக வளரும் கிடா முதலில் சந்தைக்குப் போகிறது. விலை போகாத கிடா பட்டியில் தங்கி அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. ஓர் இனம் இப்படித்தான் ஓசையின்றித் தேய்கிறது. நல்ல கிடாவுக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் வளர்ப்பவர் அதைக் காத்து வைப்பார்.

அந்த விலையை எவ்வாறு கணக்கிடுவது? முதலாவது, அடிவிலை. கிடாவைத் தராசில் நிறுத்து, அன்றைய உயிர் எடை விலையால் பெருக்க வேண்டும். கிடாவின் எடை 30 கிலோ, உயிர் எடைக்குக் கிலோ 400 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், அடிவிலை 12,000 ரூபாய். இதற்குக் கீழே கேட்பது விற்பவருக்கு அநீதியாகும்.

இரண்டாவது, மேல்விலை. ஒரு பொலிகிடா ஏறத்தாழ 25 பெட்டைகளுக்குப் போதும். மேச்சேரிப் பெட்டை பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். ஆண்டுக்கு 20 குட்டிகள் தேறுவதாகக் கொள்வோம். தந்தையின் சிறப்பு முழுவதும் குட்டிக்கு வந்துவிடாது. ஒரு பகுதியே வரும். ஆகவே விற்கும் வயதில் குட்டிக்கு அரை கிலோ மட்டுமே கூடுவதாகக் கணக்கிடுவோம். 20 குட்டிகளுக்கு 10 கிலோ. அதன் மதிப்பு 4,000 ரூபாய். கிடா தன் மகளோடு சேராமலிருக்க இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும் என்பதால், இரண்டு ஆண்டுப் பயன் 8,000 ரூபாய். இந்தப் பயனை விற்பவரே முழுவதும் கேட்டால், வாங்குபவருக்கு மிஞ்சுவது என்ன? நோய், சாவு, மலட்டுத்தன்மை ஆகிய இடர்களைச் சுமப்பவரும் அவரே. ஆகவே சரிபாதியாக 4,000 ரூபாயை மேல்விலையாகக் கொண்டு 16,000 ரூபாய்க்கு விற்பது இருவருக்கும் நியாயம் என்பது எங்கள் கருத்து. சந்தை நிலவரத்திற்கேற்பத் தொகை மாறலாம். கணக்கிடும் முறை மாறாது.

மூன்றாவது, சான்று. மேல்விலை கேட்பவர் ஏட்டைக் காட்ட வேண்டும். பிறந்த நாள், தாய் தந்தையின் காது வில்லை எண், பிறந்தபோதும் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் நிறுத்த எடை, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி போட்ட நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒரு தொங்கு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் பேரம் கறி விலைக்குப் பொருந்தலாம். பரம்பரையை விரலால் தொட்டு அறிய இயலாது. ஏடு இல்லையெனில் அடிவிலையோடு நின்றுவிடுவதே நேர்மை.

ஆட்டு விற்பனையில் இலாபம் குற்றமன்று. நபி (ஸல்) அவர்கள் கொடுத்த ஒரு தீனாரில் உர்வா அல்பாரிக்கீ (ரலி) அவர்கள் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டோடும் தீனாரோடும் திரும்பியதையும், அவருக்கு நபியவர்கள் பரக்கத் வேண்டி துஆச் செய்ததையும் நாம் அறிவோம். அதே வேளையில், பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி வைத்து ஆட்டை விற்பது தடுக்கப்பட்டிருக்கிறது. ஏமாந்து வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் வழங்கப்பட்டிருக்கிறது. விலை கூடலாம், மறைப்புக் கூடாது. ஆகவே பல்லையும் காலையும் விதையையும் வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும். முன்பு வந்த நோயை நாமே சொல்லிவிடுவோம். இரண்டு மாதம் பட்டியில் நின்றும் பெட்டைகள் சினைப்படவில்லையெனில், மேல்விலையைத் திருப்பித் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பக்ரீத் நெருங்கும்போது அழகிய கிடாவுக்கு விலை ஏறும். அந்த நேரத்தில் பொலிகிடாவை விற்காமலிருப்பது எளிதன்று. ஆயினும் ஏட்டில் தேறிய கிடாவை இரண்டு ஆண்டுகள் இனவிருத்திக்கு விட்டு, அதன் பின்னர் ஊனமில்லாத நிலையில் குர்பானிக்குக் கொடுக்கலாமே! வயது கூடியது குர்பானிக்குத் தடையன்று. பட்டியில் நாற்பது குட்டிகளை விட்டுச் செல்லும் கிடாவால் வளர்ப்பவருக்கும் பயன், குர்பானி கொடுப்பவருக்கும் பயன்.

இவ்வாண்டு முதல் ஒவ்வொரு பட்டியிலும் ஓர் ஏடு தொடங்குவோம். அடுத்த முறை ஒரு பெரியவர் கிடா கேட்டு வந்தால், அவரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பும் நிலை நம்மில் எவருக்கும் நேராதிருக்கட்டும். வஸ்ஸலாம்.